படுக்கைத் துணி அவரவர் கொண்டுவரவும்

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சாப்பாட்டு அறையில். கிடைத்தபோது நானும் சிரித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் இன்னும் அசிங்கம்.

எங்கள் துறையில் மதியம் எல்லோரும் வீட்டிலிருந்து காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்த ரொட்டித் துண்டுகளை ஒரே நீள மேசையில் உட்கார்ந்து தின்போம். நார்வேக்கு வந்த புதிதில் நான் புளிச்சோறு கொண்டு போனேன். வாசனையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரும் எதுவும் சொல்லாததே என்னை ரொட்டிக்கு மாற்றிவிட்டது. இந்த ஊர் இப்படித்தான் ஆளைத் திருத்தும்.

அன்றைக்கு ஐலிஃப் பேசிக்கொண்டிருந்தான். வெளியூர் ஆட்கள் வந்தால் அவர்களுடைய டிக்கெட், அறை, சாப்பாடு எல்லாம் பார்த்துக்கொள்கிறவன். நல்லவன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

“கேளுங்கப்பா, பாசி ஒர்க்‌ஷாப்புக்கு ஜார்ஜியாவிலேர்ந்து ஒரு பெரியவர் வந்தாரில்ல? ஷால்வா? அவரு இருந்த ராத்திரி பூரா ஜன்னல் திரையைக் கழட்டிப் போர்த்திக்கிட்டுத் தூங்கியிருக்காரு! எதிர்த்தாப்லயே அலமாரி. உள்ள போர்வை மலை மாதிரி கிடக்கு. பூட்டு கூட இல்ல. திறந்து பாக்கல மனுஷன்!”

மேசை முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பில் ரொட்டித் தூள் புரையேறிவிட்டது. தோர்டிஸும் சிரித்தாள். அந்தப் பயிலரங்கை நடத்தியவளே அவள்தான். சிரித்து முடித்துவிட்டு, ரொட்டி சுற்றிவந்த காகிதத்தை இரண்டாக மடித்தாள். நான்காக மடித்தாள். இனி மடிக்கவே முடியாது என்கிற அளவுக்கு மடித்து, அதைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டு, தட்டைக் கூட எடுக்காமல் எழுந்து போய்விட்டாள்.

இந்த ஊரில் தட்டை எடுக்காமல் யாரும் போக மாட்டார்கள். அப்போதுதான் என் சிரிப்பு நின்றது.

பின்னால் போய், “என்னம்மா ஆச்சு?” என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் விஷயம் ஒரு காப்பியோடு முடிந்திருக்கும், இந்தக் கதையும் இருந்திருக்காது. கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: “மழை பெய்துகொண்டிருந்தது.”

இங்கே மழை பெய்தது என்று எழுதுவதும் சுவர் நின்றது என்று எழுதுவதும் ஒன்று. அடித்தேன்.

இரண்டாவது முயற்சி: “விருந்தோம்பல் பற்றி உலகத்துக்கே பாடம் எடுக்கும் பேராசிரியர் தோர்டிஸ், தன் சொந்த விருந்தாளியை——”

போதும், போதும். பயிலரங்கு விருந்தோம்பல் பற்றியது என்று வைத்தால் கதை தன்னைப் பார்த்துத் தானே பல்லிளிக்கும். பயிலரங்கு பாசியைப் பற்றியதுதான். மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளருமே, அந்தப் பச்சைப் பாசி. அதற்காகவே வாழ்கிறவர்கள் உலகத்தில் ஒரு கைக்குள் அடங்கும் கூட்டம், வருஷத்துக்கு ஒரு முறை எங்காவது கூடி மண்டியிட்டுக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள்.

மூன்றாவது முயற்சி: “ஒரு மனுஷன் கேட்கவில்லை. ஒரு மனுஷி தட்டவில்லை.”

இது நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதுதான் சந்தேகமாகவும் இருக்கிறது. ஆனாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

(* இன்னொரு சிக்கல். நார்வேக்காரர்களுக்கு ‘நீ’ மட்டும்தான். ராஜாவைத் தவிர மற்ற எல்லோரும் நீ. தோர்டிஸ் ஷால்வாவோடு பேசியது ஆங்கிலத்தில், அங்கேயும் அதே கதை. ஆனால் ஜார்ஜியாக்காரர்களுக்கு நம்மைப் போலவே நீயும் உண்டு, நீங்களும் உண்டு. தோர்டிஸ் அவரை ‘நீங்க’ என்றுதான் அழைத்தாள் என்று வைத்துக்கொள்கிறேன். அவள் மனசில் அந்த மரியாதை இருந்தது. அது இருந்தும் இப்படி நடந்தது என்பதுதான் என் கதையே.)

3.

தோர்டிஸை உங்களுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடுவீர்கள்.

படிக்கிற காலத்தில் அவள் ஒரு குளிர்காலம் முழுக்க ஜார்ஜியாவில், குத்தாயிஸி நகரத்தில் இருந்தாள். பாசி படிக்கத்தான். ஆசிரியர் ஷால்வா. விடுதியில் வெந்நீர் வரவில்லை என்று தெரிந்த அன்றைக்கே ஷால்வாவின் மனைவி எதெரி வந்து, இவள் பெட்டியை இவளைக் கேட்காமலே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கேட்காமலே. இந்த வார்த்தையை நினைவில் வையுங்கள்.

ஒரு படுக்கையறை இருந்தது, அதை இவளுக்குக் கொடுத்தார்கள். அகலக் கட்டில், கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பு. வசந்தம் வந்து, ஊருக்குக் கிளம்புகிற வாரத்தில்தான் இவளுக்கு உறைத்தது, அந்த வீட்டில் அது ஒன்றுதான் கட்டில் என்று. புருஷனும் பெண்டாட்டியும் குளிர்காலம் பூராவும் சமையலறைத் தரையில் படுத்திருக்கிறார்கள். “அய்யோ, ஏன் சொல்லல?” என்று இவள் அழுதாளாம். “சொன்னா நீ தூங்கியிருப்பியா, மக்கு?” என்று எதெரி சிரித்தாளாம்.

இதெல்லாம் தோர்டிஸே ஒரு நாள் காப்பி நேரத்தில் சொன்னது. தனக்குத் தெரிந்த ஜார்ஜிய வார்த்தைகளையும் அன்றைக்கு விரல் விட்டுச் சொல்லிக் காட்டினாள். ரொட்டிக்கு ‘பூரி’. (நான் சிரித்தேன்.) அப்பாவுக்கு ‘மாமா’. (இன்னும் சிரித்தேன்.) அம்மாவுக்கு ‘தேதா’. நன்றிக்கு ‘மத்லோபா’. அப்புறம் ‘ஸெத்ஸாரி’.

“அது என்ன?” என்றேன்.

“படுக்கை விரிப்பு. எதெரி தினமும் உதறி விரிக்கிறப்ப சொல்லிக் குடுப்பா. நான் ஸெட்சரி, செஸ்தரின்னு உளறுவேன். விழுந்து விழுந்து சிரிப்பா.”

அவங்க பேசுனா பாதிக்கு மேல புரியும், எனக்குப் பேசத்தான் வராது என்றாள். பூரி, மாமா, தேதா, மத்லோபா, ஸெத்ஸாரி. கையின் ஐந்து விரலும் தீர்ந்தன. அதற்கு மேல் அந்த வீட்டில் அவளுக்கு ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை.

4.

இப்போது பயணம்.

ஷால்வா வருகிறார் என்றதும் தோர்டிஸுக்குத் தலைகால் புரியவில்லை. பல வருஷமாக அழைத்து, இப்போதுதான் வருகிறார். வருகிறவர்களுக்காக அவள் ஒரு பக்கம் தயாரித்து இணையத்தில் போட்டாள். ஐலிஃப் உதவினான். எந்த விமானம், எந்தப் பேருந்து, எந்தப் படகு, படகுத்துறையில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், மழைக்கோட்டு எப்படிப்பட்டது, காட்டுக்கு என்ன செருப்பு, வால்நட் ஒவ்வாதவர்கள் யாரிடம் சொல்ல வேண்டும். அடேயப்பா! நான் பார்த்தேன். அதை வைத்துக்கொண்டு கண் தெரியாதவன்கூட வந்து சேரலாம்.

தங்கும் இடம், மலைக்கு நடுவே புகுந்திருக்கும் கடலோரத்தில், பள்ளிப் பிள்ளைகள் முகாமுக்கு வந்து தங்கும் விடுதி. இங்கே அப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிற எல்லோரும் படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் வீட்டிலிருந்து கொண்டு போவார்கள். போர்வையும் தலையணையும் அறைக்கு வெளியே நடைவழி அலமாரியில் இருக்கும், வேண்டியதை எடுத்துக்கொள்ள வேண்டும். கிளம்பும்போது அறையைப் பெருக்கித் துடைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும். மூன்று வயதுக் குழந்தைக்கே தெரிந்ததை யாராவது எழுதி வைப்பார்களா? மூக்கால் மூச்சு விடவும் என்று எழுதி வைப்பார்களா?

தோர்டிஸ் எழுதவில்லை. அவ்வளவுதான் முதல் தப்பு. இதை நான் தப்பு என்றுகூடச் சொல்ல மாட்டேன். மறதிகூட இல்லை. நமக்குப் பழகிப்போனது நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

தப்பு இனிமேல்தான் வருகிறது.

5.

படகுத்துறைக்கு அவளே காரில் போய் அழைத்து வந்தாள். இதை அவள் பக்கம் எழுதி வையுங்கள். இங்கே விருந்தாளிக்குப் பேருந்து எண் கொடுப்பதே பெரிய உபசாரம்.

ஷால்வா கறுப்பு மேல்கோட்டில் இறங்கினார். டை கட்டியிருந்தார். இளைத்திருந்தார். அவளைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அவள் கட்டை மாதிரி நின்று, பிறகு ஞாபகம் வந்து அணைத்துக்கொண்டாள்.

“எதெரி அனுப்பிச்சா” என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

[முதல் வரைவில் இந்தப் பொட்டலத்துக்குள் ஒரு படுக்கை விரிப்பு இருந்தது. அதே பழைய வெள்ளை விரிப்பு. அவர் வெற்று மெத்தையில் படுத்திருக்க, விரிப்பு தோர்டிஸின் காரில் பிரிக்காமலே கிடப்பதாக எழுதி, எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே தெரிந்தது, இது பித்தலாட்டம். வாழ்க்கை இவ்வளவு மெனக்கெடாது. உள்ளே இருந்தது திராட்சைச் சாற்றில் தோய்த்த வால்நட் சரம். தின்கிற பண்டம். நானும் ஒன்று தின்றேன்.]

காரில் வரும்போது ஷால்வா கேட்டார், “மகளே, ஒண்ணு கேக்கணும். படகுல ஒரு அம்மா பக்கத்துல உக்காந்திருந்துச்சு. நான் என்ன சொன்னாலும் ‘ஹப்’னு மூச்சை உள்ள இழுக்குது. நெஞ்சு வலியோன்னு பயந்துட்டேன்.”

தோர்டிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். “அது ‘ஆமா’ ஐயா. எங்க பக்கம் ஆமான்னு வாயைத் திறந்து சொல்ல மாட்டோம். மூச்சை உள்ள இழுத்தா ஆமான்னு அர்த்தம்.”

“அட! ஆமாங்கறதையே உள்ள விழுங்கிடுறீங்களா? அப்போ இல்லைன்னு எப்படிச் சொல்வீங்க?”

“அதை நாங்க சொல்றதே இல்ல.”

இருவரும் சிரித்தார்கள். பழைய காலம் திரும்பி வந்த மாதிரி அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

விடுதியில் அறைக் கதவைத் திறந்தாள். ஜன்னல் முழுக்கக் கடல். அவள் அதைத்தான் பார்த்தாள், அந்த அறையை அவருக்கென்று ஒதுக்கியதே அந்த ஜன்னலுக்காகத்தான். “எப்படி இருக்கு?” என்றாள். அவர் கடலைப் பார்த்தார். கட்டிலையும் பார்த்திருப்பார். “அழகு” என்றார்.

“ஏதாவது வேணும்னா கேளுங்க” என்று சொல்லிவிட்டுத் தோர்டிஸ் போனாள்.

நம் வீட்டிலும் இதைச் சொல்வோம். வேணும்னா கூச்சப்படாமக் கேளுங்க என்போம். சொல்லும்போதே கையில் சொம்புத் தண்ணீர் இருக்கும். இந்த ஊர்க்காரர்கள் இதைச் சொன்னால் சொன்னதுதான். கேட்டால் உயிரையும் கொடுப்பார்கள், கேட்கும்வரை உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். அது அவர்கள் கொடுக்கிற மரியாதை. பொய்யில்லாத மரியாதை.

6.

அன்று மாலை மீன் சூப் சாப்பாட்டின்போது நெதர்லாந்திலிருந்து வந்திருந்த வீட்ஸ்கே படியில் இறங்கும்போதே கத்திக்கொண்டு வந்தாள்.

“ஏய் தோர்டிஸ்! இது என்ன விடுதியா, ஜெயிலா? மெத்தை மொட்டையா கெடக்கு! எதை விரிச்சுப் படுக்கறது, என் கட்டுரையையா?”

எல்லோரும் சிரித்தார்கள். தோர்டிஸுக்கு முகம் சிவந்துவிட்டது. “அய்யய்யோ, எழுத மறந்துட்டேன்! வா வா” என்று மேலே கூட்டிப்போய், அலமாரியைத் திறந்து, போர்வை, தலையணை, வாடகைக்கு வைத்திருக்கும் விரிப்பு எல்லாம் அள்ளிக் கொடுத்தாள். அழுத பிள்ளைக்குப் பால் கிடைத்தது.

அலமாரியை மூடித் திரும்பினால் நேர் எதிரே ஷால்வாவின் அறை. பயணக் களைப்பு என்று, வீட்ஸ்கே இறங்கி வருவதற்கு முன்பே சாப்பிட்டு மேலே வந்திருந்தார். கதவின் கீழே வெளிச்சம் தெரிந்தது.

அவளுக்குத் தோன்றியது. இதில் சந்தேகமே வேண்டாம். வீட்ஸ்கேக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கு எப்படித் தெரியும் என்று தோன்றியது. ஒரு போர்வையை எடுத்துக் கையிலும் வைத்துக்கொண்டாள். கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள்.

தட்டுடி, என்று எழுதினேன்.

தட்டவில்லை. திரும்பவும் எழுதிப் பார்த்தேன்: “தோர்டிஸ் கதவைத் தட்டினாள். ஷால்வா திறந்து——” வரவே இல்லை. பேனா போகிறது, அவள் போகவில்லை. நான் கண்டபடி திட்டியும் பார்த்தேன். கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறாள். ‘பெரியவர், அசந்து படுத்திருப்பார். உள்ளாடையோடு இருந்தால் அவருக்குச் சங்கடம். எடுத்துக்கொண்டிருப்பார், அலமாரிதான் எதிரிலேயே இருக்கிறதே. வேண்டுமென்றால் கேட்பார். பத்துத் தடவை போய் நின்று அவரைச் சின்னப் பிள்ளை மாதிரி நடத்தக் கூடாது.’ ஒவ்வொரு காரணமும் நியாயமாகத்தான் இருக்கிறது. வக்கீல் வைத்தால் ஜெயிக்கும்.

போர்வையைத் திரும்ப அலமாரியில் வைத்து, ஓசைப்படாமல் மூடிவிட்டு இறங்கிப் போனாள்.

(* அந்த இரவை எழுதச் சொல்லி என்னைக் கேட்காதீர்கள். அவர் கொக்கி கொக்கியாகத் திரையைக் கழற்றியது, ஸ்வெட்டரைத் தலைக்கு மடித்தது, இதையெல்லாம் உருக்கமாக எழுத எனக்கும் வரும். அந்தக் கதவுக்கு உள்ளே அவளே போகாதபோது நான் மட்டும் எப்படிப் போவேன்?)

7.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். பயிலரங்கும் மூன்று நாள்தான்.

ஷால்வா பிரமாதமாகப் பேசினார். காட்டில் எல்லோருக்கும் முன்னால் மண்டியிட்டார். ஒரு பாறை மேல் கை அகலத்துக்குத் தடித்து வளர்ந்திருந்த பாசியைத் தட்டிப் பார்த்து, “இது மேல படுத்தா எவ்வளவு சுகமா இருக்கும்!” என்றார். எல்லோரும் நகைச்சுவை என்று சிரித்தார்கள். தோர்டிஸும் சிரித்தாள். ஆனால் அவர் கோட்டின் முதுகுப் பக்கம் கசங்கியிருந்ததை அவள் பார்த்தாள். இருமினார், அதையும் கேட்டாள்.

“ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா, ஐயா?”

“ராஜா மாதிரி!”

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. இந்த ‘அப்பாடா’வைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். சந்தேகமே இல்லாதவளுக்கு எதற்கு அப்பாடா? அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ள அவர் ஒரு வார்த்தை கொடுத்தார், இவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். முழுப் பூசணிக்காய், அதை மறைக்க அவரே சோறு போட்டார்.

நான் அவளை ரொம்பக் கடுமையாகச் சொல்கிறேனோ? ஒரு நிமிஷம் நிறுத்திக்கொள்கிறேன்.

8.

கடைசி நாள் காலை. எல்லோரும் விளக்குமாறும் வாளியுமாக அறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். ‘அவரைப் பெருக்க விடக் கூடாது, நானே பெருக்குகிறேன்’ என்று தோர்டிஸ் வேகமாக மாடியேறினாள். இந்த முறை தட்ட வேண்டிய அவசியமே இல்லை. கதவு திறந்துதான் இருந்தது.

ஷால்வா நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். கோட்டும் டையும் போட்டிருந்தார், பளபளவென்று துடைத்த ஷூவைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார். கையில் திரை. தரை ஏற்கெனவே பெருக்கியாகியிருந்தது.

“வா மகளே, வா. இதோ, இந்தக் கொக்கி ஒண்ணுதான் பாக்கி.”

தோர்டிஸ் கட்டிலைப் பார்த்தாள். நீல ரெக்ஸின் மெத்தை, மேலே ஒன்றுமில்லை. தலைமாட்டில் மடித்த ஸ்வெட்டர்.

“ஐயா… இது…”

“மன்னிச்சுக்கணும். உங்க திரையைக் கேக்காம எடுத்துட்டேன். அழுக்காக்கல, வேணா பாரு.” அவர் திரையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். “காலையில காலையில திரும்ப மாட்டிடுவேன்.”

அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனார். நாற்காலியிலிருந்து இறங்கினார். “அட, எதுக்கு இப்படிப் பாக்குற? எனக்குப் புரிஞ்சுது மகளே. உங்க ஊர் வழக்கம் இது. கெட்டிப் படுக்கை, குளிர்ந்த அறை, உடம்புக்கு நல்லது. அதான் நீங்கல்லாம் இப்படி இரும்பு மாதிரி இருக்கீங்க.” பிறகு, ஒரு சின்னச் சந்தேகம் வந்தவர் போல, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார். “மத்தவங்களும் இப்படித்தானே படுத்தாங்க?”

தோர்டிஸ் ‘ஹப்’ என்று மூச்சை உள்ளே இழுத்தாள்.

அய்யோ என்று இழுத்த மூச்சுதான் அது. வயிற்றில் குத்து விழுந்தால் யாராக இருந்தாலும் இழுக்கிற மூச்சு. ஆனால் அவள் அந்த ஊர்க்காரி. அந்த ஊரில் அந்த மூச்சுக்கு ஒரே அர்த்தம். அவளே அவருக்குச் சொல்லிக் கொடுத்த அர்த்தம்.

ஷால்வாவின் முகம் மலர்ந்தது. “பாத்தியா! நானும் எதெரிகிட்ட அப்படித்தான் சொன்னேன்” என்றார்.

அது ஆமாவா, அய்யோவா என்று இழுத்தவளுக்கே தெரியவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதினால் அவளைத் தப்பிக்க விட்டதாகும். இழுக்கும்போது தெரிந்திருக்காது. அவர் முகம் மலர்ந்தபோது தெரிந்தது. தெரிந்த பிறகும் அவள் திருத்தவில்லை. குனிந்து அவருடைய ஷூக்களை எடுத்து அவர் காலருகே வைத்தாள்.

ஐலிஃபிடம் அவள் சொன்னது இதுவரைதான், அதுவும் மனசு தாங்காமல். அவன் அதில் திரையை மட்டும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டான். அந்த மூச்சைச் சொல்லாமல் விட்டுவிட்டான். மூச்சு அவனுக்கு நகைச்சுவையாகத் தெரியவில்லையோ என்னவோ, பிறகு ஒரு நாள் லிஃப்டில் குரலைத் தாழ்த்தி என்னிடம் மட்டும் சொன்னான்.

இனி வருவது என் கற்பனை.

9.

முடிவு, ஒன்று. காரில் அவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். “இல்ல ஐயா, எல்லாருக்கும் போர்வை இருந்துச்சு. உங்களுக்கு மட்டும்தான் இல்ல. எனக்குத் தோணுச்சு, நான்தான் தட்டல.” சொன்னதும் அவள் மனசு லேசாகிறது. அவர் மனசு? இதுவரை அந்நிய நாட்டு வழக்கத்தைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்ட ஒரு பெரிய மனிதர், ஒரு நொடியில் அலமாரியைத் திறக்கத் தெரியாத கிழவர் ஆகிவிடுகிறார். தன் பாரத்தை இறக்கி அவர் தலையில் ஏற்றுவதற்குப் பெயர் நேர்மையா?

முடிவு, இரண்டு. சொல்லாமல் விடுகிறாள். அவர் சந்தோஷமாக ஊர் போய்ச் சேர்கிறார். நார்வேக்காரர்கள் விரிப்பில்லாமல் தூங்குகிற இரும்பு ஜாதி என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருக்கிறார். யாருக்கும் நஷ்டமில்லை. இவள் மட்டும் ரொட்டிக் காகிதத்தை மடித்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த இரண்டாவதில் கதையை முடித்துவிட்டேன். நேற்று. படுக்கப் போய்விட்டேன். விரிப்பை உதறி விரிக்கும்போது எதெரி ஞாபகம் வந்தது. அடடா, அவளை மறந்துவிட்டோமே! யாருக்கும் நஷ்டமில்லையாமே! எழுந்து மறுபடி உட்கார்ந்தேன்.

10.

படகு. காரைப் படகுக்குள் நிறுத்திவிட்டு இருவரும் மேல்தளத்தில் காப்பியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஷால்வாவின் போன் அடிக்கிறது. எதெரி. அவர் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்து இருமிக்கொண்டே, சிரித்துச் சிரித்துப் பேசுகிறார். படகின் இரைச்சலில் தோர்டிஸுக்கு ‘ஸெத்ஸாரி’ என்கிற ஒரு வார்த்தை மட்டும் காதில் விழுகிறது. காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கிறாள்.

பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகிறது. ஷால்வா போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்புகிறார்.

“எதெரி அழறா மகளே. நான் சொல்லியும் கேக்க மாட்டேங்கறா. நீயே சொல்லு.”

“அழறாங்களா? ஏன்?”

“உங்க ஊர்ல யாருமே விரிப்பு போட்டுப் படுக்க மாட்டாங்கன்னு தோர்டிஸே சொல்லிட்டான்னேன். அதுக்கு அவ சொல்றா, ‘அய்யோ பாவி, அந்தப் புள்ளைக்கு ஒரு குளிர்காலம் பூரா நான் பிடிவாதமா விரிப்பு விரிச்சேனே! பழக்கமில்லாம எவ்வளவு சங்கடப்பட்டுச்சோ! ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? கேக்காம கேக்காமச் செஞ்சு புள்ளையைப் படுத்தி எடுத்துட்டேனே’ன்னு…”

அவர் போனை நீட்டுகிறார்.

தோர்டிஸ் வாங்குகிறாள். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு அந்தக் குரல், வயசாகி, மெலிந்து, ஆனால் அதே குரல். சொல்வது என்னவென்று புரிகிறது. மன்னிச்சிக்க மகளே என்கிறது. வெள்ளை விரிப்பு விரித்ததற்காக, சமையலறைத் தரையில் படுத்தவள், மன்னிப்புக் கேட்கிறாள்.

இங்கே மூச்சை உள்ளே இழுத்துவிட்டு இருந்துவிட முடியாது. போனில் அது யாருக்கும் கேட்காது.

அவள் வாயைத் திறக்கிறாள். இருப்பது ஐந்து வார்த்தை. பூரி, மாமா, தேதா, மத்லோபா, ஸெத்ஸாரி. ரொட்டி இருக்கிறது, நன்றி இருக்கிறது, விரிப்புகூட இருக்கிறது. ‘மன்னிச்சிடுங்க’ இல்லை. எதெரி இப்போது சொன்னதில் எது அந்தச் சொல் என்று அவளுக்குப் பிரித்தெடுக்கத் தெரியவில்லை. அதைச் சொல்லும்படியாக அந்த வீட்டில் அவளை யாரும் விட்டதில்லை.

பக்கத்திலேயே ஷால்வா உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கேட்டால் சொல்லிக் கொடுப்பார். ஆனால் எதற்கு என்று அவர் கேட்பார்.

வேணும்னா கேளு, தோர்டிஸ்.

11.

இதற்கு மேல் எனக்கு எழுத உரிமையில்லை. படகில் போன் வந்ததா, எதெரி அழுதாளா, ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்தவள் என் சோதனைக்கூடத்துக்கு அடுத்த அறையில் இருக்கிறாள். இன்றைக்கு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அவள் கிளம்பவில்லை. வேலை இருக்கும், தொந்தரவு செய்யக் கூடாது, சொல்ல வேண்டுமென்றால் அவளே சொல்லுவாள் என்று இவ்வளவு நாளும் இருந்துவிட்டேன். இந்த ஊரில் நெடுநாள் இருந்துவிட்டால் நமக்கும் கதவைத் தட்டுகிற கை இப்படி ஆகிவிடுகிறது.

இந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு அவள் கதவுக்கு முன்னால் வந்து நிற்கிறேன். கீழே வெளிச்சம் தெரிகிறது. கையைத் தூக்கிவிட்டேன்.

கொஞ்சம் என் முழங்கையைத் தள்ளிவிடுங்களேன்.